பழைய பைபர் படகு: வாங்குமுன் அறிய வேண்டியவை

மாத்தளை மாவட்டத்துக்குக் கடல் இல்லை. ஆனால் தண்ணீர் உண்டு. 1976இல் பொல்கொல்லையில் திருப்பப்பட்ட மகாவலி நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக உக்குவளைக்கு வந்து, சுது கங்கையில் சேர்ந்து போவதென்ன நீர்த்தேக்கத்தை அடைகிறது. தம்புள்ளைப் பக்கம் கண்டலம குளம் இருக்கிறது. அம்பன் கங்கையை மறித்துக் கட்டிய மொரகஹகந்த நீர்த்தேக்கம் 2018இல் திறந்து வைக்கப்பட்டது. அதற்கு அருகே லக்கலப் பகுதியில் களுகங்கை நீர்த்தேக்கம் உருவாகியது. முன்பு நடந்தும் சைக்கிளிலும் போய்வந்த பள்ளத்தாக்குகள் சில இன்று நீருக்கு அடியில் கிடக்கின்றன.

தண்ணீர் வந்த இடத்தில் படகு பற்றிய பேச்சும் வரும். புதிய படகுக்குக் கையில் பணம் இல்லை. கரையோரத்திலோ பழைய பைபர் கிளாஸ் படகுகள் மலிவாகக் கிடைக்கின்றன. "ஒன்றை லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து, வர்ணம் பூசி, இயந்திரம் மாட்டினால் என்ன?" என்று சங்கக் கூட்டத்தில் ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்விதான். தோட்டத்திலும் வயற்கரையிலும் வளர்ந்த நமக்கு மாட்டைப் பார்த்து வாங்கத் தெரியும், பழைய உழவு இயந்திரத்தைப் பார்த்து வாங்கத் தெரியும். படகைப் பார்த்து வாங்கத் தெரியாது. அதற்கான பாடமே இக்கட்டுரை.

1. முதலில் தேவையைப் பார்ப்போம்

படகு எதற்கு என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வேண்டும். மீன்பிடிக்க என்றால் இயந்திரப் படகு பெரும்பாலும் தேவைப்படாது. நம் நாட்டு நீர்த்தேக்கங்களில் 1952இல் அறிமுகமான திலாப்பியா மீனை இன்றும் துடுப்பு வலிக்கும் சிறு பைபர் தோணிகளில் சென்றே மீனவர் பிடிக்கின்றனர். எண்ணெய்ச் செலவு இல்லாத அந்தத் தொழிலுக்குள் எண்ணெய்ச் செலவைக் கொண்டுவருவது முன்னேற்றம் ஆகாது. 2022 ஓகஸ்ட் மாதத்தில் ஒரே நாளில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு உயர்ந்ததை மறந்துவிடக் கூடாது.

அக்கரைக்கு ஆட்களையும் விளைபொருளையும் கொண்டுசெல்ல, ஆபத்தில் ஓடிச்சென்று காப்பாற்ற, சுற்றுலாப் பயணிகளை ஏற்ற என்றால் இயந்திரப் படகு பற்றிச் சிந்திக்கலாம். ஆனால் மீன்பிடிக்கும் அனுமதி வேறு, ஆள் ஏற்றும் அனுமதி வேறு. குறித்த நீர்த்தேக்கம் மகாவலி அதிகார சபைக்கு உட்பட்டதா, நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு உட்பட்டதா, சரணாலய எல்லைக்குள் வருகிறதா, அங்கு இயந்திரம் பாவிக்க இடமுண்டா என்பதைப் பிரதேச செயலகத்தில் விசாரித்து எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். படகை வாங்கிய பின்பு அனுமதி தேடுவது, வீட்டைக் கட்டிவிட்டுக் காணி யாருடையது என்று கேட்பதற்கு ஒப்பாகும்.

2. பைபர் படகு என்றால் என்ன?

கண்ணாடியை நூலாக இழுத்து, பாய்போல் பரப்பி, அதன்மேல் ரெசின் என்னும் பிசினை ஊற்றி இறுகவைத்தால் கிடைப்பதே பைபர் கிளாஸ். கண்ணாடி இழை வலிமையைத் தருகிறது. ரெசின் அவ்விழைகளைப் பிடித்து வைக்கிறது. மண் சுவருக்குள் மூங்கில் வரிச்சு நிற்பதைப் போன்ற ஏற்பாடு இது. அமெரிக்காவில் 1942இல் ரே கிரீன் என்பவர் இம்முறையில் பாய்க்கப்பல் ஒன்றைச் செய்தார். 1950களில் இயந்திரப் படகுகள் தொழிற்சாலைகளில் வார்க்கப்பட்டன. இலங்கையிலும் பைபர் படகு பழைய கதைதான். 1960களின் இறுதியில் நோர்வே உதவியுடன் யாழ்ப்பாணக் குடாநாட்டில் தொடங்கிய சீ-நோர் நிறுவனம் காரைநகரில் நடத்திய படகுத் தளம் வடபகுதி மீனவருக்கு நன்கு தெரிந்தது.

பழையது என்றாலே பயனற்றது என்று சொல்ல முடியாது. அமெரிக்கக் கரையோரக் காவற்படை 1950களின் தொடக்கத்தில் 40 அடி பைபர் படகுகளைக் கட்டியது. இருபது ஆண்டு உழைத்த ஒரு படகிலிருந்து துண்டு வெட்டிச் சோதித்தபோது பைபரின் வலிமை பெரிதாகக் குறைந்திருக்கவில்லை. தடிப்பாக, சரியாக வார்த்த உடல் மனித ஆயுளுக்கு நிகராக நிற்கும். மேலைநாடுகளில் பலர் ஐம்பது, அறுபது ஆண்டுப் படகுகளைத் தேடி வாங்கிச் செப்பனிடுவது இதனாலேயே.

அப்படியானால் பழைய படகுகள் எதனால் அழிகின்றன? பைபருக்குள் மறைத்து வைத்த மரத்தால். இயந்திரம் தொங்கும் பின்பலகை, அடித்தளத்தில் நீளவாக்கில் ஓடும் தாங்குகட்டைகள், இருக்கைப் பலகைகள் ஆகியவற்றுக்குள் பெரும்பாலும் ஒட்டுப்பலகையோ மரச்சட்டமோ இருக்கும். ஆணிக்கும் திருகாணிக்கும் போட்ட துளை ஒவ்வொன்றும் தண்ணீர் நுழையும் வாய். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. கறையான் அரித்த உத்தரம் வெளியே சுண்ணாம்புப் பூச்சுடன் அழகாகத் தெரிவதைப் போல, உள்ளே உக்கிய பின்பலகையும் வெளியே பளபளப்பாகத் தெரியும். படகின் வயதைக் கேட்பதைவிட, அதன் உள்ளே ஈரம் இருக்கிறதா என்று கேட்பதே முக்கியம்.

இன்னொரு விடயம். 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பின் எமது கரையோரத்தில் ஆயிரக்கணக்கான சிறு பைபர் படகுகள் அவசரமாகக் கட்டிக் கொடுக்கப்பட்டன. அவற்றுள் நல்லவை பல. தரம் குறைந்தவையும் கலந்திருந்தன என்பது அக்காலத்திலேயே சுட்டிக்காட்டப்பட்டது. இன்று மலிவாக வருகிற படகுகளில் அக்காலத்தவையும் இருக்கும். அவசரத்தில் மெல்லியதாக வார்த்த படகைவிட, அதற்கு முந்திய தடித்த படகு மேலானதாக இருக்கலாம்.

3. கடற்படகு குளத்துக்கு வரும்போது

கடலில் நன்றாக இருந்த படகு குளத்திலும் நன்றாக இருக்கும், உப்பு இல்லாததால் நெடுநாள் உழைக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். இயந்திரத்தைப் பொறுத்தவரை அது உண்மை. படகின் உடலைப் பொறுத்தவரை நிலைமை வேறு. மூன்று வேறுபாடுகளை நினைவில் வைப்போம்.

முதலாவது, உக்கல். மரத்தை உக்கச் செய்யும் பூஞ்சணத்தை உப்பு ஓரளவு தடுக்கிறது. கருவாட்டுக்கு உப்பு என்ன செய்கிறதோ அதையே மரத்துக்கும் செய்கிறது. நன்னீரில் அந்தப் பாதுகாப்பு இல்லை. மழைநீர் தேங்கி நிற்கும் படகு இன்னும் வேகமாக உக்கும்.

இரண்டாவது, கொப்புளம். பைபரின் மேற்பூச்சு வழியாக நீர் மிக மெதுவாக உட்புகும். உள்ளே சரியாக இறுகாத இரசாயனங்களோடு சேர்ந்து அது ஒரு கரைசலாகி, மேலும் நீரை இழுத்து, கொப்புளமாக எழும்பும். வெளிநீரில் உப்பு குறைவாக இருக்கும்போது இந்த இழுப்பு கூடும். ஆகவே எப்போதும் நீரில் மிதக்க விடப்படும் படகுக்குக் குளத்தில் கொப்புளம் வரும் வாய்ப்பு கடலைவிட அதிகம். வேலை முடிந்ததும் கரையேற்றி வைப்பது நல்லது.

மூன்றாவது, மிதப்பு. கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு பாரமானது. அதே சுமையுடன் அதே படகு குளத்தில் சற்றுத் தாழ்ந்தே மிதக்கும். வேறுபாடு சிறிதுதான். ஆனால் கடலில் ஏற்றிய அளவுக்கு மேல் குளத்தில் ஏற்றலாம் என்று எண்ணுவோருக்கு இது ஓர் எச்சரிக்கை. வைகாசி முதல் புரட்டாதி வரை மலைச்சரிவிலிருந்து இறங்கும் கச்சான் காற்று, அகன்ற நீர்த்தேக்கத்தில் சிறிது நேரத்திலேயே அலையை எழுப்பிவிடும். "குளம்தானே" என்ற சொல் ஆபத்தானது.

4. வாங்குமுன் ஆறு சோதனைகள்

"ஆழம் அறியாமல் காலை விடாதே" என்பது முன்னோர் மொழி. ஒரு சிறு மரச்சுத்தியல், ஒரு தமரூசி, ஒரு டோர்ச், ஒரு துண்டு பொலித்தீன், ஒரு பாடசாலைக் கொப்பி ஆகியவற்றுடன் இருவராகப் போங்கள். விற்பவர் சொல்வதை ஒருவர் கேட்கட்டும். மற்றவர் படகைப் பார்க்கட்டும்.

(அ) தட்டுதல்: மரச்சுத்தியலால் அடித்தளத்தையும் பின்பலகையையும் அரையடிக்கு ஒரு தட்டு வீதம் தட்டுங்கள். நல்ல இடம் "டக்" என்று கூர்மையாக ஒலிக்கும். உக்கிய இடமும் படை பிரிந்த இடமும் "தொப்" என்று மந்தமாக ஒலிக்கும். மந்தமான இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுங்கள்.

(ஆ) பின்பலகை: இயந்திரத்தை மாட்டி, அதை மேலே உயர்த்திப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். பலகை வளைந்து கொடுத்தாலோ மூலைகளில் வெடிப்பு விரிந்தாலோ உள்ளே மரம் போய்விட்டது. ஐயம் இருந்தால் விற்பவரின் சம்மதத்தோடு உட்புறத்தில், கீழ்ப்பகுதியில் ஒரு சிறு துளை போட்டுத் தூளைப் பாருங்கள். வெளிறிய உலர்ந்த தூள் நல்லது. கறுத்து ஈரமாக வந்தால் பலகையை முழுதாக மாற்ற வேண்டும். பார்த்த பின் துளையை ரெசினால் அடைத்துக் கொடுங்கள்.

(இ) எடை: நால்வர் தூக்கும் படகை எட்டுப் பேர் தூக்க வேண்டியிருந்தால் உள்ளே தண்ணீர் குடியிருக்கிறது. இருக்கைக்கு அடியில் வைத்த மிதவை நுரை தண்ணீரைக் குடித்து ஊறியிருக்கலாம்.

(ஈ) கொப்புளம்: அடிப்புறத்தைக் கவனியுங்கள். கொப்புளம் இருந்தால் கண்ணாடி அணிந்துகொண்டு தமரூசியால் ஒன்றைக் குத்துங்கள். வினாகிரி மணமுள்ள நீர் வந்தால் நீர் பைபருக்குள் போயிருக்கிறது. சில கொப்புளங்களைத் திருத்தலாம். அடிப்புறம் முழுவதும் இருந்தால் விட்டுவிடுங்கள்.

(உ) புதுவர்ணம்: விற்பனைக்கு முதல்நாள் பூசிய வர்ணத்தை எப்போதும் சந்தேகியுங்கள். உட்புறத்திலிருந்து டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். ஒட்டுப்போட்ட இடம் உட்புறத்தில் மறையாது.

(ஊ) பத்திரம்: மீன்பிடிப் படகாக இருந்தால் கடற்றொழில் திணைக்களத்தில் பதிந்த இலக்கம் இருக்க வேண்டும். உடலில் உள்ள இலக்கமும் பத்திரத்தில் உள்ள இலக்கமும் ஒன்றா? விற்பவர்தானா உரிமையாளர்? இயந்திரத்துக்குத் தனி உறுதிச்சீட்டு உண்டா? எழுதிக்கொள்ளுங்கள்.

இவற்றோடு கொப்பியில் ஒரு கணக்கும் போட வேண்டும். படகு விலை, லொறிக்கூலி, ரெசினும் கண்ணாடிப் பாயும், இயந்திரத் திருத்தம், உயிர்காப்பு அங்கிகள் என்று ஐந்து வரிகள். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்பார்கள். பழைய படகில் வாங்கும் விலையே மிகச் சிறிய வரியாக இருப்பதுண்டு. ஐந்து வரிகளின் கூட்டுத்தொகையைப் புதிய சிறு படகு ஒன்றின் விலையோடு ஒப்பிட்ட பின்பே முற்பணம் கொடுங்கள்.

5. பழுதுபார்க்கும் முறை

காலம்: ஐப்பசி தொடங்கித் தை வரை மழை. அக்காலத்தில் ரெசின் வேலை வேண்டாம். மாசி, பங்குனியும் ஆடி, ஆவணியும் ஏற்றவை. நீர்மட்டம் இறங்கியிருக்கும் மாதங்களில் படகைக் கரையில் வைப்பதால் இழப்பும் குறைவு.

உலர்த்தல்: படகைக் கவிழ்த்து, காற்றோட்டமான கூரையின் கீழ், தரையிலிருந்து ஓரடி உயர்த்தி வையுங்கள். வாரக்கணக்கில் காய வேண்டும். காய்ந்ததா என்று அறிய, ஓரடிச் சதுரப் பொலித்தீனை நாற்புறமும் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்புறம் நீர்த்துளி படிந்தால் இன்னும் ஈரம் உண்டு. ஈரத்தின்மேல் ஒட்டிய பைபர் உரிந்துவிடும்.

துளை, வெடிப்பு: முதலில் சவர்க்கார நீரால் கழுவி, அசிற்றோன் தோய்த்த துணியால் துடைத்து மெழுகையும் எண்ணெயையும் நீக்குங்கள். அதன் பின்பே தேய்க்க வேண்டும். முதலில் தேய்த்தால் மெழுகு உள்ளே இறங்கிவிடும். உடைந்த ஓரத்தை நல்ல பைபர் வரும்வரை வெட்டி, சாய்வாகத் தேயுங்கள். சாய்வின் அகலம் உடலின் தடிப்பைப்போல் பன்னிரண்டு மடங்கு இருக்கட்டும். 5 மில்லிமீற்றர் தடிப்புக்கு 60 மில்லிமீற்றர். சாய்வு இல்லாமல் மேலே ஒட்டிய ஒட்டு, கிழிந்த சட்டைக்குப் பசையால் துணி ஒட்டியதற்குச் சமம்.

ஒரு புறத்தில் பொலித்தீன் சுற்றிய பலகையை அணைகொடுத்து, மறுபுறத்திலிருந்து கண்ணாடிப் பாய்த் துண்டுகளை ஒவ்வொன்றாக ரெசினில் நனைத்துப் படியுங்கள். ஒவ்வொரு துண்டும் ஓர் அங்குல அளவு வேறுபட வெட்டப்படட்டும். எல்லா ஓரங்களும் ஒரே கோட்டில் முடியக்கூடாது. சதுர மீற்றருக்கு 450 கிராம் எடையுள்ள பாய் ஒரு படை இறுகினால் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் தடிப்பு வரும். அதற்கு ஒரு கிலோ அளவில் ரெசின் தேவைப்படும். காற்றுக் குமிழிகளைத் தூரிகையாலும் உருளையாலும் அழுத்தி வெளியேற்றுங்கள். மூன்று நான்கு படைகளுக்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். சூடு ஏறி வெடிக்கும்.

ரெசினை இறுகவைக்கக் கடையில் 'ஹார்ட்னர்' என்ற பெயரில் ஒரு திரவம் தருவார்கள். ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லிலீற்றர் போதும். வெப்பமான நாளில் குறைந்த அளவு. அரைக் கிலோவுக்கு மேல் ஒரே நேரத்தில் கலக்காதீர்கள். பாத்திரத்திலேயே புகைந்து இறுகும்.

பின்பலகை மாற்றல்: உட்புறப் பைபரை வெட்டி எடுத்து, உக்கிய மரத்தை முழுவதும் சுரண்டுங்கள். "இவ்வளவு போதும்" என்று பாதியை விட்டால் உக்கல் புதுப்பலகைக்கும் பரவும். நீர் தாங்கும் ஒட்டுப்பலகை இரண்டை, இடையே ரெசினில் நனைத்த பாய் வைத்து ஒட்டி, எல்லா ஓரங்களையும் ரெசினால் மூடி, மேலே பைபர் படைகளை இட்டு, பக்கச் சுவர்களோடு இணையுங்கள். துளை போட்டால் துளையின் உட்சுவருக்கும் ரெசின் பூசுங்கள். கறள் பிடிக்காத உருக்கு ஆணிகளையே பாவியுங்கள்.

உடல்நலம்: இதைப் படித்துவிட்டுத் தாண்டிப் போக வேண்டாம். ஹார்ட்னர் கண்ணில் ஒரு துளி பட்டாலும் பார்வை போகக்கூடும். கண்ணாடி அணியாமல் போத்தலைத் திறக்கக்கூடாது. பட்டுவிட்டால் உடனே கால்மணி நேரம் ஓடும் நீரில் கழுவி வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். ரெசினின் ஆவியும் அசிற்றோனும் தீப்பற்றும். பீடிக்கும் அடுப்புக்கும் அருகில் வேலை வேண்டாம். சில ரெசின்களுக்குக் கோபால்ட் என்ற ஊதாநிறத் திரவத்தைத் தனியே தருவார்கள். அதையும் ஹார்ட்னரையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். முதலில் ஒன்றை ரெசினில் நன்கு கலக்கிய பின்பே மற்றதைச் சேர்க்க வேண்டும். தேய்க்கும் தூள் நுரையீரலுக்குக் கேடு. முகத்தில் கைக்குட்டை கட்டினால் போதாது, உரிய முகமூடி வேண்டும். வீட்டு விறாந்தையில், பிள்ளைகள் நடமாடும் இடத்தில் இவ்வேலையைச் செய்யாதீர்கள். வெட்டிய துண்டுகளை எரிக்கவும் குளத்தில் வீசவும் வேண்டாம். பைபர் உக்காது.

6. இயந்திரம்

நம் கரையோரத்தில் பழக்கமானது பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரம். வாங்குமுன் ஒரு பீப்பாய் நீரில் இறக்கி ஓட்டிப் பாருங்கள். நீரின்றி ஓட்டினால் குளிர்நீர் இறைக்கும் இறப்பர்ச் சக்கரம் சிறிது நேரத்தில் கருகிவிடும். பின்புறச் சிறு துவாரத்தால் நீர் தொடர்ந்து பீச்சுகிறதா? இல்லாவிட்டால் குளிர்நீர் வழியில் உப்பு அடைத்திருக்கலாம். கீழ்ப்பெட்டி எண்ணெய் பால்போல் வெளுத்திருக்கிறதா? அப்படியானால் நீர் புகுந்திருக்கிறது. கடலில் உழைத்த இயந்திரத்தின் உள்ளே உப்பின் அரிப்பு பல ஆண்டு தங்கும். உதிரிப்பாகம் மாத்தளையில் கிடைக்குமா, நீர்கொழும்புக்கோ திருகோணமலைக்கோ போக வேண்டுமா என்பதும் செலவுக் கணக்கில் சேரும்.

7. நிரம்பினாலும் அமிழாத படகு

மரப்படகு கவிழ்ந்தாலும் மிதக்கும். பைபர் படகு நீர் நிரம்பினால், மிதவை இல்லாவிடில், அமிழ்ந்துபோகும். கணக்கைப் பார்ப்போம். பைபர் நீரைவிட ஒன்றரை மடங்கு பாரமானது. 210 கிலோ எடையுள்ள உடல் நீருக்குள் 140 லீற்றர் இடத்தை எடுத்துக்கொள்ளும். மீதி 70 கிலோ அதைக் கீழே இழுக்கும். இயந்திரத்துக்கு 40 என்று வைப்போம். நீரில் கிடந்து படகைப் பிடித்துத் தொங்கும் ஆளுக்கு 10 கிலோ வீதம் ஆறு பேருக்கு 60. மொத்தம் 170. அடைத்த ஒரு லீற்றர் காற்று ஒரு கிலோவைத் தாங்கும். ஆகவே இறுக மூடிய 20 லீற்றர் வெற்றுக் கான்கள் ஒன்பது வேண்டும்; பத்து வைத்தால் நல்லது. அவற்றை இருக்கைகளுக்கு அடியில், இரு பக்கமும் சமமாக, மேலே கிளம்பாதபடி வாரிட்டுக் கட்டுங்கள். பிறகு கரையோரம் இடுப்பளவு நீரில் படகை வேண்டுமென்றே நிரப்பிப் பாருங்கள். இந்தச் சோதனைக்குச் செலவு ஒன்றும் இல்லை.

ஒரு வேலைக்குக் கட்டிய படகை இன்னொரு வேலைக்கு மாற்றும்போதுதான் ஆபத்து கூடுகிறது. கேரளத்தின் தானூரில் 2023 மே 7ஆம் திகதி கவிழ்ந்து 22 பேரைப் பலிகொண்ட உல்லாசப் படகு, மீன்பிடிப் படகை மாற்றிச் செய்தது என்று பின்னர் தெரியவந்தது. படகு புதிதாக இருந்தாலும் பாரம் உயரத்தில் ஏறினால் இதே கதிதான். தேக்கடி நீர்த்தேக்கத்தில் 2009 செப்டெம்பர் 30ஆம் திகதி 45 பேர் இறந்தது, அதே ஆண்டில் சேவைக்கு வந்த இரண்டு தட்டுப் பைபர் படகில். நம் நாட்டில் 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உயிரிழந்தனர். பாலம் இல்லாத இடத்தில் கிடைத்ததில் ஏறிப்போன ஏழைகளின் பிள்ளைகள் அவர்கள்.

எனவே பழைய படகுக்கு மேல்தட்டும் பாரமான கூரையும் போடாதீர்கள். எத்தனை பேர் ஏறலாம் என்பதைத் தகுதியுள்ள பரிசோதகரிடம் கேட்டு, படகின் பக்கத்தில் பெரிய எழுத்தில், தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். ஆளுக்கு ஓர் உயிர்காப்பு அங்கி வேண்டும்; பிள்ளைகளுக்குப் பிள்ளைகளின் அளவில் வேண்டும். அங்கி இல்லாதவருக்கு இடமும் இல்லை, அவர் சங்கத் தலைவராக இருந்தாலும்.

8. சங்கத்தின் படகு

பொதுப் படகு பழுதாவது நீரால் மட்டுமல்ல. எல்லாருடையதும் என்றால் ஒருவரும் துடைப்பதில்லை. ஒருவர் கையில் என்றால் மற்றவர்கள் கேட்பதில்லை. இரண்டும் படகைத் தின்னும். பெயர் குறித்து ஒருவரைப் படகுப் பொறுப்பாளராக நியமியுங்கள். ஒவ்வோர் ஓட்டத்தையும் கொப்பியில் எழுதுங்கள்: திகதி, ஆட்கள், எண்ணெய், வருமானம், கண்ட பழுது. வருமானத்தைப் பங்கிடுமுன் திருத்த நிதிக்கு ஒரு பங்கை எடுத்து வங்கியில் இடுங்கள். அந்த நிதி இல்லாத சங்கம் முதல் பெரிய பழுதில் வட்டிக்காரரின் வாசலில் நிற்கும். மாதம் ஒருமுறை உறுப்பினர் அனைவரும், பெண்கள் உட்பட, கணக்கையும் படகையும் ஒன்றாகப் பார்க்கட்டும். கணக்கு வாசிக்கும் அதே நாளில் பின்பலகையும் தட்டப்படட்டும். வெளியே தெரியாத ஈரம் படகுக்குள்ளும் சேரும், சங்கத்துக்குள்ளும் சேரும். சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் இரண்டையும் காயவைத்துத் திருத்தலாம்.

குழுவில் கலந்துரையாட

1. நம் பகுதியில் படகு உண்மையில் யாருக்குத் தேவை? அத்தேவையைத் துடுப்புத் தோணியோ பாதையோ நிறைவேற்றுமா?

2. ஐந்து வரிக் கணக்கை நம் ஊர் விலைகளோடு போட்டுப் பாருங்கள். கடன் வாங்காமல் முடியுமா?

3. இரவில் அவசர நோயாளி ஒருவர்; படகில் ஏற்கெனவே உரிய ஆட்கள் ஏறிவிட்டனர். யார் இறங்குவது, யார் தீர்மானிப்பது? இதை இன்றே பேசி எழுதி வையுங்கள்.

4. நம் சங்கத்தில் தட்டிப் பார்க்காமல் விட்ட பொதுச் சொத்து வேறு எது?